கணவருக்கும் சோதனை செய்யுங்கள், அமைச்சர் அவர்களே

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதுகலை படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் சொன்னபடி பாலியல் தொழிலாளிகளிடம் ரத்த மாதிரி சேகரித்தார். தன் வீட்டு ஃப்ரிட்ஜில்தான் அவற்றைப் பத்திரப்படுத்தினார். ஐஸ் பெட்டியில் வைத்து வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்ததில், இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது. நோயாளி தானாக வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அந்தச் செய்தியைச் சட்டமன்றத்தில் அறிவித்தவர் அன்றைய சுகாதார அமைச்சர் எச்.வி.ஹண்டே.

அதே வேகம் இன்று மற்ற பால்வினை நோய்களுக்குத் தேவைப்படுகிறது. உலக சுகாதார நிறுவனக் கணக்கில், 2020-ல் 71 லட்சம் பேருக்குப் புதிதாக சிபிலிஸ் தொற்றியது. 2022-ல் அது 80 லட்சமானது. அதே 2022-ல் தாயிடமிருந்து சிசுவுக்குத் தொற்றியவை 7 லட்சம். ஆரம்பத்திலேயே தெரிந்தால் ஒரே ஒரு பென்சிலின் ஊசியில் குணமாகும் நோய் இது!

பிரச்சினை அறிகுறியில்தான் இருக்கிறது. சிபிலிஸ் புண் வலிக்காது, தானாகவே ஆறிவிடும். கிருமி உள்ளேயே தங்கிவிடும். கிளமிடியா பெரும்பாலான பெண்களிடம் எதையும் காட்டுவதில்லை. சில வருடங்கள் கழித்து, குழந்தை இல்லையே என்று கருத்தரிப்பு மையத்துக்கு அலையும்போதுதான் அதனால் சிலருக்குக் கருக்குழாய் அடைபட்டிருப்பது தெரியவரும். அறிகுறியைப் பார்த்து மருந்து கொடுக்கும் முறை இவர்களை எப்படிக் கண்டுபிடிக்கும்?

தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. சோதிக்கும் நம்பிக்கை மையங்களும், பால்வினை நோய்களுக்குச் சிகிச்சை தரும் சுகவாழ்வு மையங்களும் இலவசமாக இயங்குகின்றன. ஆனாலும் பலர் மெடிக்கல் ஷாப்பில் குரலைத் தாழ்த்தி மாத்திரை கேட்டு வாங்கிப்போகிறார்கள். கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் சோதிக்கிறோம், நல்லது. கூட வந்த கணவரோ பையோடு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார். மனைவிக்கு மட்டும் ஊசி போட்டு அனுப்பினால், வீட்டிலிருந்தே அவளுக்கு மறுபடி தொற்றலாம்.

முதல் பரிசோதனைக்கு மனைவியோடு வரும் கணவருக்கும், அவர் சம்மதத்தோடு, ரகசியம் காத்து அன்றே சோதனை செய்ய ஏற்பாடு செய்யுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை நேரத்திலும் மையங்கள் திறந்திருக்கட்டும். கிளமிடியா, கொனோரியா இரண்டையும் சிறுநீரிலேயே கண்டறியும் மூலக்கூறு பரிசோதனை எல்லா மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் கிடைக்க வேண்டும். அடுத்த மானியக் கோரிக்கையிலேயே இதற்கு நிதி ஒதுக்குங்கள்.