வார்டில் உள்ள தொட்டி அடுப்படித் தொட்டி அல்ல

மாணவர்களே, ஜார்ஜ்டவுனில் மருத்துவமனை ஒன்றில் இருக்கும் பாட்டியைப் பார்க்கப் போகிறீர்கள். அவர் குடித்தது போக, குவளையில் கொஞ்சம் மைலோ மீந்திருக்கிறது. எங்கே ஊற்றுவீர்கள்? நம்மில் பலர் வார்டில் உள்ள கைகழுவும் தொட்டியில்தான் ஊற்றுவோம். அப்படிச் செய்யக்கூடாது என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

தொட்டிக்குக் கீழே குழாய் வளைந்திருக்கும். அந்த வளைவில் எப்போதும் சிறிது நீர் தேங்கி நிற்கும். சாக்கடை நாற்றம் மேலே வராமல் தடுப்பது அதுதான். ஆனால், ஈரமான அந்தக் குழாயின் உட்சுவரில் பாக்டீரியாக்கள் வழவழப்பான படலமாக ஒட்டி வளரும். இதை உயிரிப்படலம் என்பார்கள். கிருமிநாசினி ஊற்றினாலும் படலத்தின் அடியில் இருப்பவை பிழைத்துக்கொள்ளும்.

கனடாவின் டொராண்டோ நகர மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில், 2004 டிசம்பர் முதல் 2006 மார்ச் வரை 36 நோயாளிகளிடம் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா பரவியது. பல மருந்துகளுக்கு அது அடங்கவில்லை. அவர்களில் சிலர் உயிர் பிழைக்கவில்லை. கைகழுவும் தொட்டிகளின் வடிகாலிலும் அதே கிருமி இருந்தது. அது எப்படி வெளியே வந்தது? ஆய்வாளர்கள் ஒளிரும் சாயத்தை வடிகாலில் இட்டுக் குழாயைத் திறந்துவிட்டார்கள். சாயம் குறைந்தது 1 மீட்டர் தூரத்துக்குத் தெறித்தது. நீர் தெறிக்காதபடி தொட்டிகளை மாற்றியமைத்த பிறகே பரவல் நின்றது.

சரி, மைலோவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். குழாய் வளைவில் இ.கோலை பாக்டீரியாவை விட்டு, சத்துள்ள கரைசலை ஊற்றி வந்தார்கள். பாக்டீரியா நாளுக்கு ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் மேலேறி, ஒரு வாரத்தில் வடிகால் வாயை எட்டியது. அதன் பிறகுதான் தண்ணீர் பட்டு வெளியே தெறித்தது. நாம் ஊற்றும் பாலும் சீனியும் கஞ்சியும் அதற்குச் சாப்பாடு.

அப்படியானால் கை கழுவுவதே ஆபத்தா? இல்லை. கழுவாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து. தொட்டியைக் கை கழுவ மட்டும் பயன்படுத்துங்கள் என்கிறேன். நல்ல உடல்நிலையில் உள்ள நம்மை இக்கிருமி பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. பக்கத்துக் கட்டிலில் சுவாசக் கருவியோடு படுத்திருப்பவரின் நிலை வேறு.

பினாங்கு மருத்துவமனைகளில் ஒவ்வொரு தொட்டிக்கு மேலும் ‘கை கழுவ மட்டும்’ என்று மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் எழுதி ஒட்டவேண்டும். அதற்குப் பெரிய செலவு ஆகாது. அதுவரை, மீந்த மைலோவை எங்கே ஊற்றுவது என்று தாதியிடம் கேளுங்கள்; இல்லையேல் புட்டியில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.