நாவுக்கும் பயிற்சி வேண்டும்

சில ஆண்டுகளுக்கு முன்னர், வடமராட்சிக் கிராமமொன்றில் நிகழ்ந்த வீட்டுப் பண்டப் போட்டிக்கு எம்மை நடுவராக அழைத்திருந்தனர். பேனா பிடிப்பவனுக்குச் சுவையும் தெரிந்திருக்கும் என்று எண்ணினார்கள் போலும்! மேசையிலே பனங்கட்டிக் குட்டான்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் சிறிது கிள்ளி வாயிலிட்டோம். எமக்கு இனித்ததற்குப் பரிசளித்தோம். கூட்டம் கலையும் வேளையில் முதிய பெண்மணி ஒருவர் அருகில் வந்து, "தம்பி, என்ரை பனங்கட்டியிலை என்ன குறை எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ, அடுத்த முறை திருத்திச் செய்வன்" என்றார். நாம் வாயடைத்து நின்றோம். இனிப்பை அறிந்தோமேயன்றிக் குறையை அறிந்தோமில்லை.

பனங்கட்டியின் ஒவ்வொரு குறைக்கும் ஒரு காரணமுண்டு. முட்டியின் உட்புறத்தில் பூசிய சுண்ணாம்பு போதாதெனில் கருப்பணி புளிக்கத் தொடங்கும். அதிலுள்ள சர்க்கரை சிதைவதால் எவ்வளவு காய்ச்சினாலும் கட்டி நன்கு இறுகாது. சுண்ணாம்பு மிகுந்தாலோ நிறம் கறுத்து, நாவிலே காரம் தட்டும். பாகு பதத்துக்கு முன் இறக்கினால் கட்டி கசியும். பதம் கடந்தால் கருகற் கசப்பு ஏறும். மாரிக் காலத்து ஈரம் பட்டால், நன்றாய் அமைந்த கட்டியும் இளகிவிடும். கட்டியை வாயிலிட்ட மாத்திரத்தே குற்றம் முட்டியிலா, அடுப்பிலா, வைத்த இடத்திலா என்று கூறவல்லவரே நடுவர். அத்தகைய அப்பாச்சிமாரும் சீவற்றொழிலாளரும் எமது ஊர்களில் வாழ்ந்தனர். அவர்கள் மறையுந்தோறும், எழுதப்படாத நூலொன்று மறைகின்றது.

இவ்வகையில் அமெரிக்கர் செய்த முயற்சியொன்று எமக்குப் பாடமாகும். வீட்டில் தம் தேவைக்குப் பியர் வடிப்போருக்கு இசைவளிக்கும் சட்டம் அங்கே 1978இல் நிறைவேறியது. போட்டிகள் பெருகின, நடுவரின் தேவையும் பெருகிற்று. 1985இல் நடுவர்க்குத் தேர்வு வைத்துச் சான்றளிக்கும் திட்டமொன்றை வகுத்தனர். ஐம்பது புள்ளிகளுள் மணத்துக்குப் 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, முழுமைக்குப் 10 எனப் பகுத்தனர். செய்தவர் பெயர் நடுவருக்குத் தெரியாது. இலக்கம் மட்டுமே தெரியும். ஒரே மேசையில் இருப்போர் தனித்தனியே எழுதிய பின்னரே கலந்து பேசுவர். இவை யாவற்றிலும் சிறந்தது ஒன்றுண்டு: தோற்றவருக்கும் குறையும் திருத்தமும் எழுதிய தாள் சென்று சேரும். பரிசு ஒருவரை மகிழ்விக்கும். அத்தாளோ அனைவரையும் வளர்க்கும்.

மதுவின் நன்மை தீமை இங்கு எமது ஆராய்ச்சியன்று. முறையையே நாம் கொள்ளவேண்டும். அதே 1978இல்தான் எமது நாட்டில் பனை அபிவிருத்திச் சபை தோன்றியது. கைதடியிலே பனை ஆராய்ச்சி நிறுவனம் உண்டு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உணவு விஞ்ஞானம் பயிலும் மாணவர் உளர். இவர்களின் கல்வியும் ஊர் முதியோரின் நாவும் ஒரே பாயில் அமர்தல் வேண்டும். பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை என இடந்தோறும் நாலைந்து பேர் மாதமொருமுறை கூடினாற் போதும். முதியவர் சுவைத்துச் சொல்லட்டும். இளையவர் அருகிருந்து எழுதட்டும். எழுதி எழுதியே அவ்விளையவர் நாளைய நடுவராவார்.

பயிற்சிக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. இருவர் செய்த பனங்கட்டிகளைத் தனித்தனியே ஒரே அளவு நீரிற் கரையுங்கள். மூன்று கிண்ணங்களுள் இரண்டில் ஒன்றையும், மூன்றாவதில் மற்றையதையும் வார்த்து, வேறானது எது என்று கேளுங்கள். ஒருமுறை சரியாகச் சொல்வது குருட்டுவாக்கிலும் நேரலாம்; மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. ஐந்து முறையும் அவ்வாறு நேரும் வாய்ப்பு 243இல் ஒன்றே. வெற்றிலை போட்ட வாயோடும் சுருட்டுப் புகைத்த வாயோடும் இதற்கு அமரலாகாது. இடையிடையே வாய் கொப்பளித்தல் நன்று. தம் வீட்டார் செய்த பண்டத்துக்குத் தாமே புள்ளியிடுதல் எவர்க்கும் தகாது.

போட்டி நடத்துவோருக்கும் ஒரு வார்த்தை. நடுவருக்குப் பொன்னாடை போர்த்துவதிலும் பார்க்க, பேருந்துக் கட்டணமும் ஒருவேளை உணவும் கொடுப்பது மேல். முப்பது குட்டான்களை ஒருவர் முன் குவித்தால் பத்தாவதிலேயே நா களைத்துவிடும். பண்டங்களைப் பங்கிட்டுப் பல மேசைகளில் வையுங்கள்.

அந்த முதிய பெண்மணிக்கு நாம் கொடுக்க வேண்டிய மறுமொழி இன்னும் கடனாகவே உள்ளது. அவர் கேட்டது பரிசன்று. ஒரே ஒரு வாக்கியம். அதனைச் சொல்லத் தெரிந்த பத்துப் பேரையேனும் குடாநாட்டில் உருவாக்குவோமாயின், அக்கடன் ஒருவாறு தீரும்.