வாழ்த்தும் வணிகமும்

பண்டிகை வருமுன்னரே வணிகரின் வாழ்த்து வந்துவிடுகின்றது. முன்னாளிற் கடைக்காரர் நாட்காட்டியொன்றைக் கையிற் கொடுத்து இன்சொற் கூறினர். இந்நாளிலோ வங்கிகளும் வர்த்தக நிலையங்களும் பத்திரிகை வாயிலாகவும் கைத்தொலைபேசி வாயிலாகவும் ஒரே நொடியில் ஆயிரம் பேர்க்கு வாழ்த்து விடுக்கின்றன. நம் பழைய மாணவருட் பலர் அந்நிலையங்களிற் பொறுப்பான பதவி வகிப்பவராதலின், இப்பொருள்பற்றிச் சில கூற விழைகின்றோம்.

நம் நாட்டிலே வாழ்த்துவோர் முதற்கண் அறியவேண்டியது, மொழி வேறு, சமயம் வேறு என்பதாம். தமிழ் பேசுவோர் சைவர் மட்டுமல்லர்; கிறித்தவரும் உளர்; முஸ்லிம் மக்களிற் பெரும்பாலார்க்கும் தமிழே தாய்மொழி. தமிழிற் கடிதம் பெறுவோர் அனைவர்க்கும் தீபாவளி வாழ்த்து அனுப்புதல், பட்டியலைப் பார்த்து வாழ்த்துதலேயன்றி மனிதரைப் பார்த்து வாழ்த்துதலாகாது.

அடுத்து, நாளின் இயல்பை அறிதல் வேண்டும். பெரிய வெள்ளி இயேசுநாதரின் பாடுகளையும் மரணத்தையும் நினைந்துருகும் நாள். அன்று மகிழ்ச்சி வாழ்த்து உரைப்பது, இழவு வீட்டில் மங்கலம் பாடுவதை ஒக்கும். வாழ்த்துக்குரியது அதன்பின் வரும் உயிர்த்த ஞாயிறே. சிவராத்திரி உபவாச நாள். விருந்துக்குக் கழிவு கூறும் விளம்பரம் அன்று பொருந்துமா? றமழான் நோன்பு மாதம். அது நிறைவெய்திப் பிறை கண்டபின் வருவதே நோன்புப் பெருநாள். சந்திரமாதக் கணக்கினால் அஃது ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முந்தி வரும். சென்ற ஆண்டுத் தேதியை நோக்கி வாழ்த்து அச்சிடுவோர் பிழைபடுவர்.

சித்திரைப் புத்தாண்டு சிங்கள மக்களும் தமிழரும் ஒருங்கே கொண்டாடுவது. சூரியன் மேட இராசியிற் புகுதலே இருவர்க்கும் ஆண்டுப் பிறப்பு. எனினும், சிங்கள இல்லத்திலே சுபவேளையில் அடுப்பு மூட்டுதலும், பாற்சோறும், கொக்கிஸ் பலகாரமும் சிறப்புடையன. தமிழ் இல்லத்திலே மருத்துநீர் வைத்து முழுகுதலும், பெரியோர் கையாற் கைவிசேடம் பெறுதலும் சிறப்புடையன. ஒருவர்க்கு வரைந்த படத்தை மற்றவர்க்கும் வைத்து, எழுத்தை மட்டும் மாற்றினாற் போதுமா? அவ்வெழுத்திலும் கொம்பும் காலும் இடம்மாறிக் கிடக்குமாயின் என்னென்பது! 1987 ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அச்சேறுமுன் அத்தமிழைத் திருத்திப் பார்ப்பதற்குச் சட்டம் வேண்டுவதில்லை. சற்றே அக்கறை போதும்.

இவ்விடரெல்லாம் எதற்கு, "விடுமுறைக்கால வாழ்த்து" எனப் பொதுப்படக் கூறிவிடலாமே என்பர் சிலர். வாடிக்கையாளரின் சமயம் தெரியாதவிடத்து அதுவே நாகரிகம் என்பதை நாமும் ஒப்புகின்றோம். ஆனால், தெரிந்துகொள்ள முயலாமைக்கு அது போர்வையாதல் கூடாது. பெயரறிந்து அழைப்பதற்கும், "ஐயா" என்று பொதுவாய் அழைப்பதற்கும் வேறுபாடு உண்டன்றோ?

இதற்குப் பரிகாரம் எளிது. வாழ்த்தை வெளியிடுமுன் அப்பண்டிகையைத் தம் வீட்டிற் கொண்டாடும் ஊழியர் ஒருவரிடம் காட்டி, "இது சரியா?" எனக் கேட்க வேண்டும். வாழ்த்தின் அடியில் விலைப்பட்டியலைச் சேர்க்காதிருத்தலும் வேண்டும். சேர்த்தால் வாழ்த்து மறைந்து விளம்பரமே எஞ்சும்.

இச்சிறு கருமத்தை நம் பழைய மாணவர் தத்தம் அலுவலகங்களில் தொடங்குவராயின், இக்கல்லூரி அவர்க்கூட்டிய தமிழுக்கு அஃது ஒரு கைம்மாறாகும் என்பது நம் துணிபு.