தொடங்குவது எளிது, முடிப்பது ஏன் கடினம்?

ஊருக்கு ஒரு வீடாவது இப்படி இருக்கும். அஸ்திவாரம் போட்டிருப்பார்கள். சுவர் இடுப்பு உயரம் எழும்பி இருக்கும். அதற்கு மேல் வேலை நடந்திருக்காது. கம்பிகள் துருப்பிடித்து வானத்தைப் பார்த்து நிற்கும். உள்ளே எருக்கஞ்செடி முளைத்திருக்கும்.

அந்த வீட்டுக்காரர் சோம்பேறியா? இல்லை. அறிவு இல்லாதவரா? அதுவும் இல்லை. நல்ல எண்ணத்துடன்தான் தொடங்கினார். ஆனால் முடிக்க முடியவில்லை. ஏன்?

அப்பா வெட்டிய கிணறு

இந்தக் கேள்வி எனக்குப் புதிது அல்ல. என் தகப்பனார் எங்கள் நிலத்தில் ஒரு கிணறு வெட்டத் தொடங்கினார். முதல் நாள் பூசை போட்டு, ஊருக்கெல்லாம் பொங்கல் கொடுத்தார். முப்பது அடி வரை மண். வேலை மளமளவென்று நடந்தது. பிறகு பாறை வந்தது. வெடி வைக்கப் பணம் இல்லை. வேலை நின்றது.

"இன்னும் பத்து அடி போயிருந்தால் தண்ணீர் வந்திருக்கும்" என்று கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தார். கிணற்றுக்கு வாங்கிய கடன் வட்டியோடு வளர்ந்தது. கடைசியில் அந்த நிலமே கைவிட்டுப் போனது.

அந்தப் பக்கம் முப்பது அடிக்குக் கீழே பாறை உண்டு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்பா யாரையும் கேட்கவில்லை. அவர் கண்ணுக்குத் தெரிந்தது தண்ணீர் மட்டும்தான். பாறை தெரியவில்லை.

எண்ணத்தின் குணமே இதுதான். அது முடிவை மட்டும் காட்டும். நடுவில் உள்ள பாறையைக் காட்டாது!

நூறு ஆண்டு காத்திருந்த அணை

பெரிய காரியங்களுக்கும் இதே கதைதான். முல்லைப் பெரியாறு அணையை எடுத்துக் கொள்ளுங்கள்.

மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் ஆற்றைக் கிழக்கே திருப்ப வேண்டும். வறண்டு கிடக்கும் வைகைக்கு அந்தத் தண்ணீர் வர வேண்டும். இந்த எண்ணம் வெள்ளைக்கார என்ஜினீயரின் மூளையில் முதலில் உதித்தது அல்ல. 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை இதை ஆராயச் செய்தார். ஆகும் செலவைப் பார்த்து, கைவிட்டார்.

1808-ல் ஆங்கிலேயர் ஒருவர் இடத்தைப் பார்வையிட்டார். நடக்காத காரியம் என்று சொல்லி விட்டார். 1850-ல் வேலை தொடங்கியது. காட்டுக் காய்ச்சல் கூலியாட்களைத் தாக்கியது. வேலை நின்றது.

1876 முதல் 1878 வரை கொடிய பஞ்சம் வந்தது. மக்கள் பட்டினியால் மாண்டார்கள். அதன் பிறகுதான் அரசாங்கம் திட்டத்தைத் தீவிரமாக எடுத்தது. 1882-ல் திட்டத்தைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு பென்னிகுயிக் என்ற என்ஜினீயரிடம் வந்தது. 1886-ல் திருவிதாங்கூருடன் நிலத்துக்குக் குத்தகை ஒப்பந்தம் ஆனது. 1887-ல் வேலை தொடங்கியது.

அப்போதும் சுலபமாக நடந்ததா? இல்லை. ஆற்றுக்குள் போட்ட தற்காலிக அணைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. மறுபடியும் போட்டார்கள். காய்ச்சல் நூற்றுக்கணக்கான தொழிலாளிகளின் உயிரைக் குடித்தது. மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டினார்கள். கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்து அணை எழும்பியது. 1895 அக்டோபரில் தண்ணீர் திறந்தார்கள்.

எண்ணம் தோன்றி 106 ஆண்டு. வேலை நடந்தது 8 ஆண்டு!

கைவிட்டவர் முட்டாளா?

முத்திருளப்ப பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கணக்குப் பார்த்தார். கட்டாது என்று தெரிந்தது. குழி வெட்டும் முன்பே நிறுத்திக் கொண்டார். அது தோல்வி அல்ல, விவேகம். அரைக் கிணறு வெட்டி நிற்பதுதான் தோல்வி. கிணறு இல்லாதவனுக்குத் தண்ணீர் மட்டும்தான் இல்லை. அரைக் கிணறு வெட்டியவனுக்குத் தண்ணீரும் இல்லை, பணமும் இல்லை.

ஆகையால் தொடங்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் பாறை எங்கே இருக்கிறது?" முன்பு அதே வேலையைச் செய்தவரைக் கேளுங்கள். முடித்தவரை மட்டும் கேட்காதீர்கள். பாதியில் விட்டவரையும் கேளுங்கள். அவருக்குத்தான் பாறை இருக்கும் இடம் நன்றாகத் தெரியும்.

பென்னிகுயிக்குக்குப் பின்னால் அரசாங்கக் கஜானா இருந்தது. உங்களுக்கும் எனக்கும் அது இல்லை. நமக்கு ஒரே வழி, வேலையைச் சிறு துண்டுகளாக வெட்டுவது. நான்கு அறைக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டுத் திண்டாடுவதை விட, ஓர் அறையைக் கட்டிக் கூரை போட்டு அதில் குடியேறுங்கள். அடுத்த அறையை அடுத்த ஆண்டு கட்டலாம். நடுவில் நின்று போனாலும், தலைக்கு மேல் கூரை இருக்கும்.

யாரும் பாராட்டாத நடுப்பகுதி

இன்னொரு காரணமும் உண்டு. பூசை போடும் நாளில் ஊரே கூடும். கிரகப் பிரவேசத்துக்கும் கூடும். நடுவில் உள்ள நாட்களில் யார் வருகிறார்கள்? ஒருவரும் வருவதில்லை. நேற்றுப் போல்தான் இன்றும் இருக்கும். இந்த நாட்களில்தான் மனம் தளர்கிறது. புதிய எண்ணம் ஒன்று வந்து கையைப் பிடித்து இழுக்கிறது.

வீட்டில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தையல் படிக்கும் மகளை, தொழில் தொடங்கிய தம்பியை, முதல் நாளில் மட்டும் வாழ்த்தினால் போதாது. நாற்பதாம் நாளிலும் "இன்று எவ்வளவு ஆயிற்று?" என்று அன்பாகக் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியே பாதி பலம்.

இதைப் படிப்பவர்களில் சிலர், பெரியவர் ஆன பிறகு எழுத்துக் கற்றவர்களாக இருப்பீர்கள். உயிர் எழுத்து உற்சாகமாகப் போயிருக்கும். உயிர்மெய் வந்தபோது தலை சுற்றியிருக்கும். "இந்த வயதில் இது எதற்கு?" என்று தோன்றியிருக்கும். ஆனாலும் விடவில்லை. அதனால்தான் இந்தக் கடைசி வரி வரை வந்து விட்டீர்கள்.

ஒரு காரியத்தை முடிப்பது எப்படி என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியது இல்லை!