நாமம் வழி திறக்கிறதா, வழி மறிக்கிறதா?

மலையாளத்திலிருந்து நம் இதழுக்குச் செய்திகளையும் தீர்மானங்களையும் மொழிபெயர்க்கும் பணியில், கடந்த சில ஆண்டுகளாக ஒரு சொல் மீண்டும் மீண்டும் எதிர்ப்பட்டுத் தயங்க வைக்கிறது. ‘நாமஜபம்’ என்பதே அச்சொல். அகராதிப்படி அதில் சிக்கல் ஏதுமில்லை. இறைவனின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லுதல், அவ்வளவே. ஆனால் 2018 அக்டோபருக்குப் பின்னர் கேரளத்தில் அச்சொல் இரு வேறு செயல்களைக் குறிக்கிறது. ஒன்று, அந்தி நேரத்தில் விளக்கேற்றி வைத்து, பாட்டியும் பேரக்குழந்தைகளும் சொல்லும் சந்தியாநாமம். மற்றொன்று, நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்துச் சாலையை நிறைத்துச் செல்லும் ‘நாமஜப கோஷயாத்திரை’. இரண்டையும் ஒரே சொல்லால் தமிழில் தருவது சரிதானா? இது மொழிபெயர்ப்பாளரின் மேசையோடு முடிந்துவிடும் கேள்வியன்று. இறைநம்பிக்கை கொண்ட உழைக்கும் மக்களை நம் கட்சி எவ்வாறு அணுகுகிறது என்பதே இதனுள் இருக்கும் கேள்வி.

நடந்தவற்றை நினைவுபடுத்திக்கொள்வோம். சபரிமலையில் 10 வயது முதல் 50 வயது வரையுள்ள பெண்களுக்கு இருந்த தடை செல்லாது என்று 2018 செப்டம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, நால்வரின் பெரும்பான்மையோடு தீர்ப்பளித்தது. சில நாட்களுக்குள் பந்தளத்தில் நாமஜப ஊர்வலம் புறப்பட்டது. பின்னர் மாநிலமெங்கும் பரவியது. நாயர் சர்வீஸ் சொசைட்டி முன்னின்றது. சங் பரிவார அமைப்புகள் அதில் தமக்கான விளைநிலத்தைக் கண்டன. ஆயிரக்கணக்கான பெண்கள் சரணம் விளித்து நடந்தனர். அக்டோபர் மாதத்தில் நடை திறந்தபோது, அதே சரணத்தை முழக்கமாக்கிய கூட்டத்தினர் நிலக்கல்லில் வாகனங்களை நிறுத்தி, உள்ளே பெண்கள் இருக்கின்றனரா என்று சோதித்தனர். செய்தி திரட்டச் சென்ற பெண் பத்திரிகையாளர்களைத் தாக்கினர்.

2023 ஆகஸ்ட் 2 அன்று அவ்வடிவம் மீண்டும் அரங்கேறியது. புராணக் கற்பனையை அறிவியல் என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாகாது எனச் சட்டப்பேரவைத் தலைவர் தோழர் ஏ.என். ஷம்சீர் பேசியதைக் கண்டித்து, திருவனந்தபுரத்தில் பாளையம் கணபதி கோயிலிலிருந்து பழவங்காடி கணபதி கோயில் வரை நாமஜப யாத்திரை நடந்தது. பேச்சின் பொருளைவிடப் பேசியவரின் பெயர் எந்த மதத்தைச் சேர்ந்தது என்பதே அந்நாட்களில் பெரிதும் பேசப்பட்டது என்பதை மறந்துவிடலாகாது.

இறைப்பெயரைச் சொல்லும் வழிபாடு பிற்போக்காளரின் கண்டுபிடிப்பன்று. வேள்வி செய்யப் பொருளும், வேதம் ஓத உரிமையும், கோயிலுக்குள் நுழைய அனுமதியும் இல்லாத மனிதர் பற்றிக்கொண்ட வழி அது. பெயரைச் சொல்ல எவரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. இடையில் புரோகிதரும் தேவையில்லை. கேரளத்தில் பூந்தானம் எழுதிய ‘ஞானப்பானை’, எளிய மலையாளத்தில் நாமத்தின் பெருமையைச் சொல்வதோடு, செல்வச் செருக்கையும் பதவி மோகத்தையும் இடித்துரைக்கிறது. அவர் காலத்தில் வாழ்ந்த மேல்பத்தூர் நாராயண பட்டதிரி வடமொழியில் ‘நாராயணீயம்’ செய்தவர். பட்டதிரியின் விபக்தியைவிடப் பூந்தானத்தின் பக்தியே தமக்கு உவப்பானது என்று குருவாயூரப்பன் கூறியதாக ஒரு கதை வழங்குகிறது. இலக்கணம் கற்றோரின் மேலாண்மைக்கு எதிராக மக்கள் புனைந்த கதை அது. தமிழ்நாட்டிலும் அத்தகைய கதை உண்டு. நாமசங்கீர்த்தன மரபின் முதல்வர்களுள் ஒருவரான திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாள், தந்தையின் திதிக்காகச் சமைத்த உணவைப் பசியோடு வந்த ஒடுக்கப்பட்ட மனிதருக்கு எடுத்துக் கொடுத்தார் என்பதும், அதற்காக அக்ரகாரம் அவரை விலக்கியது என்பதும் அக்கதை. இன்றும் கார்த்திகை அமாவாசையன்று அவர் வீட்டுக் கிணற்று நீரில் நீராடக் கூட்டம் திரள்கிறது. கதையைப் போற்றிய அக்ரகாரம் கதையின் பொருளைக் கடைப்பிடிக்கவில்லை என்பதும் நாம் அறிந்ததே.

நாமத்தின் வரலாற்று எல்லை இங்குதான் புலப்படுகிறது. 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மகர் சாதிக் கவிஞர் சோகாமேளர் விட்டலனின் பெயரைப் பாடிப் பாடிப் பண்டரிபுரத்தின் வாயிலிலேயே நின்றார். அவர் நினைவிடமும் வாயிலருகிலேயே அமைந்தது. அவர் வழிவந்த மக்கள் அக்கோயிலுக்குள் நுழைய, 1947 மே மாதத்தில் சோசலிஸ்ட்டான சானே குருஜி உண்ணாநோன்பு இருக்க வேண்டியிருந்தது. ஆறு நூற்றாண்டுகள் பாடியும் திறக்காத கதவு போராட்டத்தால் திறந்தது.

கொச்சியின் கதையும் வேறன்று. மட்டாஞ்சேரியில் சில சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் செர்ளாயின் கொங்கணியர் வேங்கடாசலபதியை அழைக்கின்றனர். குஜராத்தி வணிகர்களின் தெருவில் சமணக் கோயில் இருக்கிறது. 1568இல் எழுந்த பரதேசி யூதப் பள்ளி, அரண்மனை வளாகத்துப் பழையன்னூர் பகவதி கோயிலின் அருகிலேயே நிற்கிறது. சுற்றுலாக் கையேடுகள் இதனை நல்லிணக்கத்தின் தொட்டில் என்று புகழ்கின்றன. அப்புகழுரையில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையன்று. 1913இல் பண்டிட் கருப்பனின் முயற்சியால் புலையர் மக்கள் ஒன்றுகூட முனைந்தபோது, அவர்களுக்குக் கூட நிலம் கிடைக்கவில்லை. கொச்சிக் காயலில் வள்ளங்களைப் பிணைத்துக் கட்டி அவற்றின் மேல் கூடினர். அயல்நாட்டுத் தெய்வப் பெயர்களுக்கெல்லாம் இடம் தந்த மண், தன்னை உழுதவனுக்குக் காலூன்ற இடம் தரவில்லை.

திருவிதாங்கூரில் 1936இல் பிறப்பிக்கப்பட்ட கோயில் நுழைவுப் பிரகடனம் போன்ற ஒன்று கொச்சி அரசில் 1948 வரை நடைமுறைக்கு வரவில்லை. நாடு விடுதலை பெற்ற பின்னரும், சேந்தமங்கலத்துப் பாலியம் மாளிகையின் முன்னுள்ள சாலையில் நடப்பதற்கே 1947 டிசம்பர் முதல் மூன்று மாதங்களுக்கு மேல் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. அதில் கம்யூனிஸ்ட் தோழர் ஏ.ஜி. வேலாயுதன் காவலரின் தாக்குதலுக்குப் பலியானார். தென்கன்னடத்தில் முல்கியின் வேங்கடரமணர் கோயில் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று, சில சிறப்புச் சடங்குகள் நீங்கலாக அனைத்து இந்துக்களுக்கும் வழிபடும் உரிமை உண்டு என்று 1957இல் முடிந்தது. பெயரைச் சொல்ல எல்லோருக்கும் உரிமை உண்டு என்று பாடுவது வேறு. பெயருக்குரிய தெய்வத்தின் முன் எல்லோரும் நிற்பது வேறு. இரண்டாவதை ஈட்டித் தந்தவை போராட்டமும் சட்டமும். அப்போராட்டங்களில் நாமம் சொல்வோரும் சொல்லாதோரும் தோளோடு தோள் நின்றனர்.

எனவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, கடவுள் உண்டா இல்லையா என்பதன்று. இந்த இடத்தில், இந்த நேரத்தில், நாமம் யாருக்கு வழி திறக்கிறது, யாரை வழிமறிக்கிறது என்பதே. சோகாமேளரின் வாயில் அது அடைத்த கதவைத் தட்டிய கை. நிலக்கல்லில் அது பெண்களின் முன் போடப்பட்ட தடுப்புக்கட்டை. 2019 ஜூனில் ஜார்க்கண்டில் தப்ரேஸ் அன்சாரியைக் கம்பத்தில் கட்டிவைத்து அடித்தவர்கள், ராமனின் பெயரையும் அனுமனின் பெயரையும் சொல்லுமாறு அவரை வற்புறுத்தினர். சில நாட்களில் அவர் இறந்தார். விரும்பியவர் விரும்பிய நேரத்தில் சொல்வதே நாமஜபம். அடித்துச் சொல்ல வைத்தால் அது வழிபாடாகாது; வன்முறையே. இதை முதலில் உரத்துச் சொல்ல வேண்டியவர் பக்தர்; அவரைச் சொல்ல வைக்கும் உறவு நமக்கு அவரோடு இருக்க வேண்டும்.

அவ்வுறவைக் கெடுக்கும் பிழைகள் இரண்டு நம்மிடையே உலவுகின்றன. முதலாவது ஏளனம். 2020இல் கந்த சஷ்டி கவசத்தை இழிவுபடுத்தி ‘கறுப்பர் கூட்டம்’ வெளியிட்ட காணொளி எந்தச் சாதிக் கொடுமையையும் ஒழிக்கவில்லை. அவ்வாண்டு நவம்பரில் பாரதிய ஜனதா கட்சி வேல் யாத்திரை கிளம்புவதற்கு அது சாக்காகப் பயன்பட்டது. 2025 ஜூன் 22 அன்று மதுரையில் இந்து முன்னணி நடத்திய முருக பக்தர்கள் மாநாட்டில் அதே கவசம் பெருங்கூட்டத்தால் ஓதப்பட்டது. அதே மேடையில் அரசியல் தீர்மானங்களும் நிறைவேறின. கவசம் ஓத வந்த பெண்மணியும் தீர்மானம் எழுதிய தலைவரும் ஒருவரல்லர். இருவரையும் ஒரே வசையால் அடிப்பது, அப்பெண்மணியை நாமே அத்தலைவரின் கையில் ஒப்படைப்பதாகும்.

இரண்டாவது பிழை அச்சம். 2019 மக்களவைத் தேர்தலில் கேரளத்தின் 20 தொகுதிகளில் இடது ஜனநாயக முன்னணிக்கு ஆலப்புழை ஒன்றே கிடைத்தது. நம்பிக்கையாளர் விலகியதே காரணம் என்று கருதும் தோழர்கள், இனி இவ்விஷயத்தில் வாய் திறவாதிருப்பதே நலம் என்கின்றனர். போட்டியாக நாமும் ஒரு பஜனையை நடத்தலாமே என்பாரும் உளர். தேர்தல் இழப்பு சிறியதன்று. அதன் காரணங்களும் ஒன்றல்ல. ஆனால் 2019 ஜனவரி 1 அன்று காசர்கோடு முதல் திருவனந்தபுரம் வரை 620 கிலோமீட்டர் நீளத்துக்குப் பெண்கள் மதிலாக நின்றதும் இதே கேரளத்தில்தான். அவர்களுள் எத்தனையோ பேர் அன்று மாலை வீடு திரும்பி விளக்கேற்றி நாமம் சொல்லியிருப்பர். அவர்களுக்கு அதில் முரண்பாடு தோன்றியிராது. நமக்கும் தோன்ற வேண்டியதில்லை. நாம் மௌனமானால் கைவிடப்படுவோர் அவர்களே. பஜனைப் போட்டியிலோ நாம் என்றும் வெல்லப் போவதில்லை. பொய்யாகச் செய்யும் பக்திக்குத் தமிழ் மக்கள் ‘நாமம் போடுதல்’ என்று வேறு பொருள் வைத்திருக்கின்றனர்.

மதம் குறித்துத் தொழிலாளர் கட்சியின் அணுகுமுறையை விளக்கி 1909இல் எழுதிய கட்டுரையில் லெனின் ஒரு வேலைநிறுத்தத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். போராட்டக் களத்தில் தொழிலாளரை ஆத்திகர் என்றும் நாத்திகர் என்றும் பிரிப்பது முதலாளிக்கே உதவும் என்பது அவர் வாதம். அதனை மெய்ப்பித்த களம் மட்டாஞ்சேரி. கொச்சித் துறைமுகத்தில் வேலைக்கான ‘சாப்பா’ என்னும் வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசியெறிவர்; முண்டியடித்துப் பொறுக்கியவனுக்கே அன்றைய கூலி. அந்த இழிமுறையை எதிர்த்த வேலைநிறுத்தம் 75 நாள் நீடித்தது. 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டிலும், தொடர்ந்த அடக்குமுறையிலும் சைது, சைதலவி, ஆண்டனி ஆகிய தோழர்கள் உயிர்நீத்தனர். அவர்கள் எந்தப் பெயரால் இறைவனை அழைத்தனர் என்று தொழிற்சங்கம் கேட்கவில்லை. சாப்பாவை எறிந்த கையை எதிர்க்கின்றனரா என்று மட்டுமே கேட்டது.

இதழின் நடைமுறைக்கு ஒன்று முன்மொழிகிறேன். வீட்டிலும் கோயிலிலும் நடைபெறும் நாமஜபத்தை அப்பெயராலேயே, மேற்கோள் குறியின் ஏளனமின்றி எழுதுவோம். தீர்ப்பையோ ஒரு மனிதரின் பேச்சையோ எதிர்த்துத் திரட்டப்படும் ஊர்வலத்தை அரசியல் ஊர்வலம் என்றே எழுதுவோம். நடத்தியவர் யார், யாருடைய உரிமைக்கு எதிராக நடந்தது என்பதையும் சேர்த்தே எழுதுவோம். ஊர்வலம் செல்லும் உரிமை அவர்களுக்கும் உண்டு. பிறரை வழிமறிக்கும் உரிமை எவருக்கும் இல்லை. இந்த வேறுபாட்டை நம் கிளைகள் விவாதிக்கட்டும். நாமம் சொல்லும் தோழர்களும் அவ்விவாதத்தில் தயக்கமின்றிப் பேசட்டும்.