கோழிக் கூண்டும் சிறுவாட்டுப் பணமும்

பி.காம். படிக்கிறவனுக்குக் கோழியைப் பற்றி என்ன எழுத்து என்று வகுப்பில் சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். முதல், நட்டம், தேய்மானம் என்று நாம் மூன்று வருடம் படிக்கிற எல்லாமே ஒரு கோழிக் கூண்டில் இருக்கிறது. நம்பாதவர்கள் கடைசி வரை படித்துவிட்டுத் திட்டலாம் :)

எங்கள் மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு கோழி காணாமல் போனால் உடனே வருகிற தீர்ப்பு, "கீரி தூக்கிட்டுப் போயிருச்சு". விசாரணை எல்லாம் கிடையாது. அடுத்து ஒருவர் சுருக்குக் கம்பி வைக்கலாம் என்பார், இன்னொருவர் மருந்து வைக்கலாம் என்பார். கூண்டைச் சரிசெய்யலாம் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. என் கட்சி அந்த யாரும் சொல்லாத கட்சி.

முதலில் திருடன் யார் என்று பார்க்க வேண்டாமா? பகலில் குஞ்சு மட்டும் ஒன்றிரண்டாகக் குறைந்தால் பருந்து, வைரி, காக்கா. பகலிலேயே பெரிய கோழி போனால் கீரியைச் சந்தேகப்படலாம், அது பகலில் வேட்டையாடுகிற பிராணி. ராத்திரியில் போனால் கீரி மேல் பழி போடுவது நியாயமே இல்லை. அது மரநாயாகவோ காட்டுப்பூனையாகவோ இருக்கும். மரநாய் மரம் ஏறி, ஓட்டு மேல் நடந்து வரும். அடையில் இருந்த முட்டை ஓடு கூட மிச்சமில்லாமல் போயிருந்தால் பாம்பு. கூண்டுக்குள் வளை தோண்டிக் குஞ்சைக் கொண்டுபோனால் பெருச்சாளி. ஐந்தாறு கோழியைக் கடித்துக் குதறித் தின்னாமல் போட்டுவிட்டுப் போயிருந்தால் பெரும்பாலும் நாய். தெருநாய் செய்த வேலைக்குக் கீரி தண்டனை வாங்குவது நம் ஊரில் சகஜம்.

திருடர்கள் இத்தனை பேர் இருந்தாலும் பூட்டு ஒன்றுதான். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, தப்பி ஓடவும் தெரியாது. ஆனால் பொழுது சாயும்போது தானாகவே வந்து அடையும். அந்த நேரத்தில் கதவைச் சாத்தினால் பாதி வேலை முடிந்தது.

மீதி வேலை வலையில் இருக்கிறது. கடையில் "கோழி வலை" என்று தருகிற அறுகோணக் கம்பி வலை, கோழி வெளியே போகாமல் இருக்கத்தான் உதவும். நாய் பல்லால் இழுத்தால் பிய்ந்துவிடும். அரை இஞ்ச் கட்டமுள்ள வெல்டு மெஷ்தான் வேண்டும். கூண்டுக்கு நான்கு கால் வைத்துத் தரையிலிருந்து இரண்டடி தூக்கிவிட்டால் பெருச்சாளித் தொல்லை குறையும். தரையோடு கட்டுவதாக இருந்தால் வலையை ஓரடி வெளிப்பக்கமாக மடித்துத் தரையில் விரித்து மண் போட வேண்டும். தோண்ட வருகிற பிராணி கூண்டை ஒட்டித்தான் தோண்டும், வலை தட்டுப்பட்டதும் நின்றுவிடும். கதவுக்குக் கயிறு போதாது, கொண்டி வேண்டும்.

பகலுக்கு என்ன செய்வது? மேயாத கோழி நாட்டுக்கோழியா என்று கேட்பீர்கள். மேயட்டும். குஞ்சுகளை மட்டும் முதல் சில வாரம் தாயோடு பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்து, ஆள் இருக்கும்போது திறந்துவிடலாம். கொல்லையில் நாலு செடி புதர் இருந்தால் பருந்து வட்டமடிக்கும்போது ஓடி ஒளிய இடம் கிடைக்கும். நம் பாட்டிகள் செய்ததுதான் இது.

இதை விட்டுவிட்டு மருந்து வைப்பது சுத்த முட்டாள்தனம். மருந்துக்குக் கீரி எது, மயில் எது, நம் வீட்டு நாய் எது என்று தெரியாது. கீரி, மரநாய், காட்டுப்பூனை எல்லாம் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறவை, கொன்றால் வழக்கு. போதாததற்கு அந்தக் கீரிதான் கொல்லையில் எலியையும் பாம்பையும் குறைக்கிறது. திருட்டு மின்சாரத்தில் வேலி போடுகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே பயிருக்குப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. யானையையே சாய்க்கிற கம்பி, ராத்திரி கொல்லைப்பக்கம் போகிற மனுஷனை விட்டுவைக்குமா?

சரி, கணக்குக்கு வருவோம். கூண்டுக்கு ஆறாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு வருடம் உழைக்கும் என்றால் நேர்கோட்டு முறையில் வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் தேய்மானம். ஒரு கோழி நானூறு ரூபாய் என்றால், வருடத்துக்கு மூன்று கோழியைக் காப்பாற்றினாலே கூண்டு லாபத்தில் நிற்கிறது. அடைக்கோழி போனால் நட்டம் நானூறோடு நிற்பதில்லை. அதன் அடியில் இருந்த பத்துப் பன்னிரண்டு முட்டை, 21 நாளில் வரவேண்டிய குஞ்சுகள், எல்லாம் சேர்ந்து போகிறது. வெள்ளைக்கழிச்சல் வந்தால் கூண்டு காப்பாற்றாது, அதற்குத் தடுப்பூசிதான். ஆனால் பூட்டினால் தடுக்கக்கூடிய நட்டத்தையும் ஏன் சும்மா விடுகிறோம்?

என் பதில் இதுதான். கோழிப் பணம் வீட்டுக் கணக்கில் வருவதே இல்லை. அது அம்மாவின் சிறுவாட்டுப் பணம். அரிசிப் பானையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் இருக்கிற பணம். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம், பஸ் காசு, திடீர்க் காய்ச்சலுக்கு மாத்திரை என்று அது போகிற இடங்களைப் பட்டியல் போட்டால் நமக்கே வெட்கமாக இருக்கும். ஆனால் வரவாக யாரும் எழுதாததால் அதற்குச் செலவு செய்யவும் யாருக்கும் தோன்றுவதில்லை. பைக்குக்கு சீட் கவர் மாற்ற அப்பாவிடம் பணம் இருக்கும். கோழிக்கு மட்டும் பழைய தகரமும் உடைந்த கூடையும். அப்புறம் கோழி போனதும், "ஒழுங்காப் பாத்துக்கத் தெரியல" என்று திட்டும் அம்மாவுக்கே!

கொடுமை என்னவென்றால், கிராமப் பெண்களுக்குக் கோழிக்குஞ்சு கொடுக்க அரசாங்கமே திட்டம் போடுகிறது. குஞ்சு வந்து சேரும் வீட்டில் நல்ல கூண்டு இல்லையென்றால் அந்தப் பணம் மரநாய்க்குப் போட்ட பணம்தான்.

அதனால் கீரியைத் திட்டுவதை நிறுத்துங்கள். அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. கோழி வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகள் இந்த விடுமுறையில் ஒரே ஒரு மாதம், கோழியால் வந்த வரவை அம்மாவிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். அந்தத் தொகையை அப்பாவிடம் காட்டிவிட்டு, வெல்டு மெஷ் வாங்க எப்போது கடைக்குப் போகலாம் என்று கேளுங்கள்.