மழையில் பால் வெட்டியவன்

‘தம்பிக்குத் திறமை இருக்கு. ஆனா தலைக்கனம் கொஞ்சம் ஜாஸ்தி.’

மலேசியாவில் தமிழில் எழுத வரும் இளைஞர்களில் பலர் இதை ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். நானும் கேட்டேன். ஒரு நூல் வெளியீட்டில், அந்த நாவல் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னதற்காக. மேடையேறிய எல்லாரும் அதைக் காவியம் என்று சொல்லி இறங்கியிருந்தார்கள். மாலை போட்டாச்சு, பொன்னாடை போர்த்தியாச்சு, பின்னால் மீகூன் ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் ‘கேள்வி நேரம்’ என்று ஒன்றை ஏன் வைத்தார்கள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

எனக்குத் தலைக்கனம் இருந்தது உண்மைதான். ஆனால் அது வெளிப்பட்டது அந்த அரங்கில் அல்ல, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்.

அப்போது எனக்கு 24 வயது. தோட்டத்தைப் பற்றி ஒரு சிறுகதை எழுதியிருந்தேன். நான் வளர்ந்தது தாமானில். ரப்பர் மரங்களை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. கதையில் ஒரு பெண் அந்திநேரத் தூறலில் தனியாகப் பால் வெட்டுகிறாள். மழைத்துளியும் பாலும் ஒன்றாக மங்கில் சொட்டுகின்றன. எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது.

இதழாசிரியர் கதையைத் திருப்பி அனுப்பினார். ‘தோட்டத்தில் வேலை செய்த யாரிடமாவது ஒருமுறை காட்டுங்கள்’ என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். நான் காட்டவில்லை. மாறாக ஃபேஸ்புக்கில் பத்தி பத்தியாகப் பொங்கினேன். படைப்புச் சுதந்திரம் என்றேன், புதியவர்களை நசுக்கும் அதிகாரம் என்றேன். நண்பர்கள் இதயம் இதயமாகப் போட்டார்கள். அந்தச் சூட்டோடு கதையையும் அங்கேயே வெளியிட்டேன்.

என் பாட்டி முப்பது வருடம் பால் வெட்டியவர். எனக்குப் பக்கத்து அறையில்தான் இருந்தார். பேரன் தோட்டத்தைப் பற்றி எழுதியிருக்கிறான் என்று தெரிந்ததும் தங்கையை வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அன்று இரவு சாப்பிடும்போது கேட்டார்:

‘ஏன்யா, மழையில எவன்யா பால் வெட்டுவான்?’

அவரே விளக்கவும் செய்தார். அதில் கோபமில்லை, கேலியும் இல்லை. விடியுமுன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போய்விடவேண்டும். குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டில் நிற்காது, மரமெல்லாம் வழிந்து வீணாகும். அதனால் மழை என்றால் வெட்டு கிடையாது.

‘வெட்டு இல்லன்னா அன்னிக்குச் சம்பளம் இல்லய்யா. விடியக்காலையில மழச்சத்தம் கேட்டாலே வயித்தக் கலக்கும்.’

இதற்கு நான் சொன்ன பதில்: ‘பாட்டி, அது ஒரு குறியீடு. ஒங்களுக்குப் புரியாது.’

தலைக்கனம் என்று நான் சொல்வது இதைத்தான். எனக்கு அழகாகத் தெரிந்த மழை அவருக்குக் கூலி இல்லாத நாள். அவருடைய வாழ்க்கையை அவரிடமே ஒரு வார்த்தை கேட்காமல் எழுதிவிட்டு, அவர் திருத்தியபோது அவருக்கே அது புரியாது என்றேன். பாட்டி ‘சரிய்யா’ என்று சொல்லி ரசத்தை ஊற்றிக்கொண்டார். அதன்பிறகு தோட்டத்தைப் பற்றி என்னிடம் பேசவே இல்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து இறந்துபோனார். மழை நாளில் அடுப்பில் என்ன வெந்தது என்று இன்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்பதற்கு ஆளில்லை.

ஆகவே மூத்தவர்களிடம் முதலில் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். நீங்கள் எங்களிடம் கேட்பது பணிவை அல்ல. காலில் விழு, முன்னுரை வாங்கு, கூட்டத்தில் வாயைத் திறக்காதே என்பது அனுமதிச்சீட்டுக்கான விலை. ‘சிறியேன்’, ‘அடியேன்’ என்று என்னுரையில் எழுதுகிறவர்கள், நாவலைக் குறைசொன்னவனின் பெயரை அடுத்த நிகழ்ச்சியின் அழைப்பிதழிலிருந்து எடுத்துவிடுகிறார்கள். குனிந்த முதுகுக்குள் அகங்காரம் மிக வசதியாகக் குடியிருக்கும்.

அடக்கத்துக்கு உதாரணமாக நம் கூட்டங்களில் ப. சிங்காரத்தைச் சொல்வதுண்டு. இளம் வயதில் மேடானில் வேலை பார்த்தவர், எழுதியது இரண்டே நாவல்கள். ‘புயலிலே ஒரு தோணி’ எழுதிப் பல ஆண்டுகள் கழித்து 1972இல்தான் நூலானது. புகழைத் தேடி அலையாத மனிதர். எல்லாம் சரி. ஆனால் அந்த நாவலைத் திறந்து பாருங்கள். தமிழரின் பழம்பெருமைப் பேச்சை அவரைப்போல் கிண்டலடித்தவர் குறைவு. மேடான் தெருவையும் பினாங்குக் கடையையும் எழுதும்போதோ, அங்கு புழங்கியவனின் கண்ணும் காதும் வேலை செய்கின்றன. தான் எழுதும் பொருளின் முன் பணிந்தவருக்கு நாக்கு கூர்மையாக இருக்கலாம். இரண்டுக்கும் பகையில்லை.

இப்போது என் தலைமுறைக்கு. நாம் பெரியவர்கள் காலில் விழுவதில்லை. நல்லது. ஆனால் எதன் முன்னும் நிற்பதில்லையே. நமக்கு முன்னால் இங்கே என்ன எழுதப்பட்டது என்று படிப்பதில்லை. பிழை திருத்தினால் ‘டாக்ஸிக்’ என்கிறோம். கதை சரியில்லை என்றால் ‘என் வலியை நீ கேள்வி கேட்கிறாயா’ என்கிறோம். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் உன்னை நம்பு, உன்னை நம்பு என்று சொல்லிச் சொல்லி, சந்தேகப்படுவதையே நோயாக்கிவிட்டார்கள். எழுதுகிறவனுக்குத் தன்மேல் சந்தேகம் வேண்டும். ‘இது எனக்குத் தெரியுமா, தெரிந்ததுபோல் எழுதுகிறேனா’ என்ற கேள்வி இல்லாவிட்டால் எழுத்து வளராது, ஆளும் வளரமாட்டான்.

நான் ஒன்றும் திருந்திவிடவில்லை. இன்றும் யாராவது குறை சொன்னால் முதலில் காது சூடாகிறது. ஒன்றை மட்டும் பழக்கிக்கொண்டேன். கதையை அனுப்புவதற்கு முன், அந்த வேலையைச் செய்த ஒருவரிடம் உட்கார்ந்து வாசித்துக் காட்டுகிறேன். போன மாதம் ஒரு லாரி ஓட்டுநர் மூன்று இடத்தில் சிரித்தார். இரண்டு பக்கம் போயிற்று. வலித்தது. கதை பரவாயில்லாமல் வந்திருக்கிறது.

பழைய கதை இன்னும் என் ஃபேஸ்புக் பக்கத்தில் இருக்கிறது. வேண்டுமென்றேதான் விட்டுவைத்திருக்கிறேன். கீழே ‘அருமை’, ‘அழவைத்துவிட்டீர்கள்’, ‘தோட்ட வாழ்க்கையைக் கண்முன் நிறுத்திவிட்டீர்கள்’ என்று வரிசையாக இருக்கும். மழையில் எவன் பால் வெட்டுவான் என்று கேட்டவர் ஒருவர்தான். அவரிடம்தான் நான், ஒங்களுக்குப் புரியாது என்றேன்.